செத்தல் தண்ணி குடிச்ச கதையும் என்ர வண்டி குறைஞ்ச கதையும்

எங்கட வீட்டில நாலு பேர், மாசத்துக்கு ஒரு கிலோ மிளகாய்த்தூள் முடியும். பச்சைமிளகாய், செத்தல் (காய்ஞ்ச சிவப்பு மிளகாய்), மோர்மிளகாய் எல்லாம் வேற கணக்கு. உறைப்புச் சாப்பிட்டா ஆள் மெலியும் எண்டது அப்பிடியே உண்மையெண்டால் யாழ்ப்பாணத்தில கொக்குவிலில இருந்து பருத்தித்துறை மட்டும் ஒருத்தருக்கும் வண்டி இருக்கக்கூடாது. (வண்டி எண்டது வயித்தை, வெளியூர் ஆக்கள் வாசிச்சா மோட்டச்சைக்கிள் எண்டு நினைக்காதேங்கோ.) எனக்கு இருந்தது, நல்ல வடிவா இருந்தது. 2 வருசத்துக்கு முந்தி 88 கிலோ, உயரம் 5 அடி 6 அங்குலம், காலமை எட்டரைக்கு கடையில காசு மேசையில குந்தினா இரவு ஏழு மணிக்குத்தான் எழும்புறது, இடையில எழும்புறது சாப்பிட மட்டும். இடுப்பு 104 சென்ரிமீற்றர். எங்கட பக்கத்து ஆம்பிளையளுக்கு 90க்கு மேல போனாலே கவனம் எண்டு கிளினிக் சுவரில எழுதி ஒட்டிக்கிடந்தது, நான் அதுக்குக் கீழ இருந்த வாங்கில இருந்துகொண்டு அதை வாசிக்காத மாதிரி போனைப் பாத்துக்கொண்டிருந்தன். இரத்தத்தில வெறுவயித்துச் சீனி 112.

இந்த நேரம் பாத்துத்தான் மாமான்ர மகன், எனக்கு மச்சான், ரொறன்ரோவில இருந்து ஒரு வீடியோ அனுப்பினவன். உடம்பு முழுக்க தசையா இருக்கிற ஒரு வெள்ளைக்காரன் ஒரு கிளாஸ் சுடுதண்ணியில தேசிக்காய் புளிஞ்சு கயீன் மிளகாய்த்தூள் அரைக் கரண்டி போட்டு குடிக்கிறான், குடிச்சிட்டு வயித்தைத் தட்டிக் காட்டுறான். "மச்சான், கொழுப்பு அப்பிடியே உருகுதாம், நீ தொடங்கு, நானும் தொடங்குறன்" எண்டு குரல்பதிவு வேற. இஞ்ச கயீனுக்கு எங்க போறது, செத்தல் தானே கிடக்கு. மனுசி வறுத்து வைச்சிருந்த செத்தலில நாலை எடுத்து கிரைண்டரில அடிச்சு ஒரு போத்தலில போட்டுக்கொண்டு அடுத்த நாள் விடிய அஞ்சரைக்கே தொடங்கிட்டன்.

முதல் நாள் காது ரெண்டும் அடைச்சு, விக்கல் வந்து, நெத்தியால வேர்த்து ஊத்திச்சுது. எனக்கு சரியான சந்தோசம், வேர்க்குதெண்டால் கொழுப்பு உருகுது எண்டு நினைச்சன். இப்ப யோசிச்சா சிரிப்பாக் கிடக்கு, வேர்க்கிறது தண்ணி, கொழுப்பில்லை, ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சா போன நிறை திரும்பி வந்திடும், சித்திரை வெயிலில பஸ்ஸுக்கு நிண்டாலும் அந்தளவு வேர்க்கும் தானே, பஸ்ஸுக்கு நிண்டு மெலிஞ்ச ஆளை நான் இன்னும் காணேல்லை. ஆனா முதல் கிழமை தராசில 1 கிலோ குறைஞ்சது உண்மை. ஏனெண்டால் அந்தக் கண்டறியாத தண்ணியைக் குடிச்ச பிறகு வயிறு எரிஞ்சுகொண்டே இருக்கும், காலமைச் சாப்பாடு இறங்காது. ரெண்டாம் கிழமை வயிறு பழகிட்டுது, பத்து மணிக்கு கடைக்கு முன்னால ரோல்ஸ் ரெண்டு வாங்கிச் சாப்பிட வெளிக்கிட்டன், போன கிலோ திரும்பி வந்திட்டுது.

பத்தொன்பதாம் நாள் இரவு ரெண்டு மணிபோல நெஞ்சுக்குள்ள நெருப்புக் கட்டை வைச்ச மாதிரி எரிவு. எழும்பி இருந்தன், தொண்டை வரைக்கும் புளிச்சுக்கொண்டு வருது. மனுசி லைற்றைப் போட்டு, "இஞ்சருங்கோ, கை நோகுதே, மூச்சு எடுக்க ஏலுதே" எண்டு அழத் தொடங்கிட்டா. ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்து, இதயத்தில ஒண்டும் இல்லை எண்டு சொல்லுமட்டும் ரெண்டு பேருக்கும் உயிர் இல்லை. நெஞ்செரிவு எண்டால் சும்மா வாய்வு எண்டு வீட்டில கிடந்து உள்ளியைச் சப்பிற ஆக்கள் எங்கட ஊரில கனக்கப் பேர், தயவு செய்து அப்பிடிச் செய்யாதேங்கோ, வாய்வோ வேற ஏதுமோ எண்டு பாக்கத்தான் அந்த மெசின் இருக்கு.

டொக்டர் வயசானவர். என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டார், நான் வெக்கப்பட்டு செத்தல் தண்ணிக் கதையைச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை, அதுதான் எனக்குக் கூட வெக்கமாப் போச்சுது. "தம்பி, மிளகாய் வயித்தில புண்ணை உண்டாக்கிறேல்லை. புண்ணுக்கு கனக்கத் தரம் ஹெலிகோபக்டர் பைலோரி எண்ட கிருமியும், நோவுக்கு கண்டபாட்டுக்குப் போடுற குளிசையளும்தான் காரணம். ஆனா ஏற்கெனவே அமிலம் மேல வாற ஆளுக்கு வெறுவயித்தில உறைப்பும் புளியும் ஊத்தினா எரியாமல் என்ன செய்யும்" எண்டார். பேந்து என்ர வண்டியைப் பாத்து, "உதுவும் ஒரு காரணம், வயித்துக் கொழுப்பு அமுக்கிறதாலையும் அமிலம் மேல வரும்" எண்டார். மெலியிறதுக்கு குடிச்ச தண்ணியால வந்த வருத்தத்துக்கு மருந்தும் மெலியிறது தானாம்.

அடுத்த நாள் காலமை ரொய்லெட்டில நடந்ததைப் பற்றி எழுதேல்லை. அங்கயும் வாயில இருக்கிற அதே உணர்வு நரம்புகள் இருக்கு எண்டதை மட்டும் சொல்லிப்போட்டு விடுறன்.

என்ர மூத்த மகள் ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிறாள். அவளிட்ட, "பிள்ளை, உந்த மிளகாய்க் கதை முழுப் பொய்யோ, இல்லை ஏதும் கிடக்கோ, ஒருக்காத் தேடிச் சொல்லு" எண்டன். ஒரு கிழமையா அவளும் நானும் இரவு சாப்பிட்ட பிறகு இருந்து வாசிச்சம். பாதி ஆங்கிலம், விளங்காததை அவள் விளங்கப்படுத்தினாள்.

மிளகாயின்ர உறைப்புக்கு காரணம் கப்சைசின் எண்ட சாமான். விதையிலதான் உறைப்பு எண்டு நாங்கள் எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கிறம், விதையில இல்லை, விதை ஒட்டிக்கிடக்கிற உள்ளுக்குள்ள வெள்ளைச் சதை இருக்கெல்லே, அதிலதான். எங்கட நாக்கில சூட்டை உணர்றதுக்கு ஒரு வாசல் மாதிரி ஒண்டு இருக்கு, 43 பாகை செல்சியசுக்கு மேல சூடு பட்டால் அது திறந்து மூளைக்கு "சுடுது" எண்டு சொல்லும், கப்சைசின் வந்து சூடே இல்லாமல் அந்த வாசலைத் திறக்குது. இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் டேவிட் ஜூலியஸ் எண்ட அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021 இல மருத்துவ நோபல் பரிசில பங்கு குடுத்தவை. அப்ப நாக்கு எரியிறது உண்மையான எரிவில்லை, மூளையை ஏமாத்திறது. உடம்பு நம்பி அதிரினலினை விட்டு, வேர்க்க வைச்சு, நெஞ்சைப் படபடக்க வைச்சு கொஞ்சம் சக்தியைச் செலவழிக்குது. அதுதான் "கொழுப்பு உருகுது" எண்ட கதையின்ர வேர். குருவியளுக்கு இந்த வாசல் கப்சைசினுக்குத் திறக்காதாம். எங்கட வேலிக்கரை ஊசிமிளகாயை மைனா வந்து ஒண்டும் விடாமல் பிடுங்கிச் சாப்பிட்டிட்டு அசையாமல் இருக்கிறதை சின்ன வயசில இருந்து பாக்கிறன், அதுக்கு உறைக்காதோ எண்டு அம்மாட்டக் கேட்டா "அது என்ன மனுசனே மோனை" எண்டுவா. அம்மா சொன்னது சரிதான்.

சரி, எவ்வளவு சக்தி செலவாகுது எண்டு பாத்தம். கப்சைசினைப் பற்றின ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை சொல்றது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி வேணும் எண்டு சொல்லுவினம், மகள் கல்குலேற்றரில அடிச்சுப் பாத்திட்டு "அப்பா, 154 நாள்" எண்டாள். வேற ஒண்டும் மாறாமல் இருந்தாத்தான் அதுவும். ஐஞ்சு மாசம் நெஞ்செரிஞ்சு ஒரு கிலோ! ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயிலயே 40 கலோரிக்கு மேல கிடக்கு, சட்டிக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு ஊத்திற எண்ணெயில ஒரு கரண்டியைக் குறைச்சா முடிஞ்சுது.

அதைவிட எனக்கு சிரிப்பு வந்தது வேற ஒண்டுக்கு. உறைப்பு சாப்பிட்டுப் பழகாத ஆக்களிலதான் இந்த விளைவு கொஞ்சம் கூடத் தெரியுதாம், பழகின ஆக்களில அந்த நரம்புகள் மரத்துப்போறதால குறையுமாம். பாணுக்கு பட்டர் பூசிச் சாப்பிடுற வெள்ளைக்காரனுக்கு அரைக் கரண்டி தூள் எண்டால் உடம்பு திடுக்கிடும். ஆறு மாசத்தில சோத்தோட கறிக்குழம்பு பிசைஞ்சு தீத்தி வளத்த என்னை அரைக் கரண்டித் தூளால திடுக்கிட வைக்க ஏலுமே? அந்த வீடியோ எங்கட ஆக்களுக்கு எடுத்த வீடியோ இல்லை.

ஆனா ஒரு விசயம் மனசில பட்டுது. மிளகாய் உடம்பை எரிக்கிறதை விட, சாப்பிடுற வேகத்தையும் அளவையும் மாத்திறது பெரிசு எண்டு சில ஆய்வுகள் சொல்லுது. அமெரிக்காவில பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில ஒரே சாப்பாட்டை உறைப்புக் குறைச்சும் கொஞ்சம் கூட்டியும் குடுத்துப் பாத்தவை, கூட உறைச்ச சாப்பாட்டை ஆக்கள் மெதுவாச் சாப்பிட்டவை, அதால குறையச் சாப்பிட்டவை. அப்ப நல்லது தானே எண்டு மகளிட்டச் சொன்னன். அவள் உடன சீனாவில நடந்த ஒரு ஆய்வைக் காட்டினாள், 5 லட்சம் பேரை வைச்சு செய்தது, அங்க உறைப்பு அடிக்கடி சாப்பிடுற ஆக்கள்தான் உடல் பருமன் கூட. "இப்ப எது அப்பா உண்மை?" எண்டு கேட்டாள். எனக்கு அண்டைக்கு பதில் தெரியேல்லை.

பதில் சொன்னது அம்மா. அடுத்த ஞாயிறு பாரைமீன் குழம்பு, நல்ல சிவப்பா, எண்ணெய் மிதக்க. நான் மூண்டாந்தரம் சோறு கேக்க அம்மா சட்டியைப் பாத்திட்டு மனுசிக்குச் சொல்றா, "இண்டைக்கு கறி உறைப்பெண்டு நான் காலமையே சொன்னனெல்லே பிள்ளை, அரைச் சுண்டு அரிசி கூடப் போட்டிருக்க வேணும்." கையில சோத்தோட நான் அப்பிடியே இருந்திட்டன். அம்மா எழுவது வயசு வரைக்கும் கறியின்ர உறைப்பைப் பாத்துத்தான் அரிசி அளந்திருக்கிறா. உறைச்சா நாங்கள் கையை எடுக்கிறேல்லை, உறைப்பை ஆத்திறதுக்கு இன்னொரு பிடி சோறு போடுறம், அந்தச் சோத்துக்கு திரும்ப குழம்பு, அந்தக் குழம்புக்குத் திரும்பச் சோறு. அமெரிக்காக்காரனுக்கு குடுத்த கோப்பையில சாப்பாடும் உறைப்பும் ஒண்டாக் கிடந்திருக்கு, எங்கட கோப்பையில உறைப்பு ஒரு பக்கம், அதை அணைக்கிற சோறு ஒரு பக்கம், சட்டிக்குள்ள இன்னும் கிடக்கு.

எனக்கு அளக்காமல் நித்திரை வராது, கடைக்காரன் தானே. கடையில சாமான் நிறுக்கிற சின்ன டிஜிற்றல் தராசை வீட்டை கொண்டு வந்து ரெண்டு கிழமை என்ர மத்தியானச் சோத்தை நிறுத்துக் கொப்பியில எழுதினன். மனுசி விசர் எண்டா. நல்ல உறைப்புக் குழம்பு இருந்த நாளில சராசரி 420 கிராம், பருப்பும் வெள்ளைக் கறியும் சொதியுமா இருந்த நாளில 330. 90 கிராம் சோறு எண்டால் 115 கலோரிக்கு மேல. அதாவது மிளகாய் எரிச்சுத் தாறதாச் சொல்ற 50 கலோரியை விட ரெண்டு மடங்கை அதே மிளகாய் சோறாத் திரும்ப ஏத்துது. இது என்ர ஒரு ஆளின்ர கணக்கு, ஆராய்ச்சி எண்டு ஒருத்தரும் தூக்கிக்கொண்டு திரியாதேங்கோ, ஆனா உங்கட வீட்டிலயும் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ.

அப்ப என்ன, உறைப்பை விடுறதோ? விட ஏலாது, விட்டா நான் நாலாம் நாள் கொத்து ரொட்டிக் கடையில நிப்பன், என்னை எனக்குத் தெரியும். நான் செய்தது உறைப்பை இடம் மாத்தினது. சோத்தை இழுக்கிற குழம்பில இருந்து எடுத்து, சும்மா தந்தா நான் தொடாத சாமான்களில போட்டது.

உதாரணத்துக்கு கத்தரிக்காய். எங்கட வீட்டில கத்தரிக்காய் எண்டால் பொரிச்ச குழம்பு, கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சும், பேந்து அதை தேங்காய்ப்பாலுக்குள்ள போடுறது. இப்ப கிழமையில ரெண்டு நாள் கத்தரிக்காயை அடுப்பில சுட்டு, தோலை உரிச்சு, பச்சைமிளகாய் நாலைஞ்சு, சின்ன வெங்காயம், உப்பு, தேசிப்புளி போட்டு சம்பல். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, கண்ணால தண்ணி வரும், ஒரு பெரிய கத்தரிக்காய் முழுக்க நானே சாப்பிடுவன். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, பொன்னாங்காணி எல்லாத்துக்கும் இதே கதைதான், தேங்காய்ப்பூவை பாதியாக் குறைச்சு மிளகாயை ரெண்டு மடங்கு ஆக்கினம். முதல் மரக்கறி கோப்பையின்ர ஓரத்தில ஒரு கரண்டி கிடக்கும், இப்ப கோப்பையில பாதி அதுதான், சோறு 200 கிராம், அதுவும் முடிஞ்சளவு மொட்டைக்கறுப்பன் எண்ட எங்கட ஊர்ச் சிவப்பரிசி. முக்கியமான விசயம், சோத்தை ஒரே தரமாப் போட்டிட்டு சட்டியை குசினிக்குள்ள வைச்சிட வேணும். மேசையில சட்டி இருந்தா உறைப்பு வென்றிடும்.

இன்னொண்டு ரசம். செத்தல், மிளகு, மல்லி, சீரகம், உள்ளி இடிச்சுப் போட்ட எங்கட ரசம், சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிறதை நான் சாப்பாட்டுக்கு முதல் குடிக்கத் தொடங்கினன், ஒரு பெரிய கோப்பை, ஆவி பறக்க. சூடும் உறைப்பும் சேந்தா அவசரமாக் குடிக்கவே ஏலாது, பத்து நிமிசம் போகும், அதுக்குள்ள அந்த முதல் பசிவெறி அடங்கிடும். அமெரிக்காக்காரன் சொன்ன "மெதுவாச் சாப்பிடுறது" எனக்கு சரிவந்தது இதிலதான். ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) மாவில காய்ச்சிற கூழும் அப்பிடித்தான் பாருங்கோ, நண்டு, மீன், பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டு செத்தலை அரைச்சு ஊத்தி, பனையோலைப் பிளாவில வாங்கி ஊதி ஊதி மூக்குச் சிந்திச் சிந்திக் குடிக்கிறது. கூழ் குடிச்ச நாளில இரவுச் சாப்பாடு எனக்கு வேண்டியே இருக்காது. கூழுக்கு பக்கத்தில சோறு வைக்கிற பழக்கம் இல்லாதது எங்கட அதிர்ஷ்டம்.

பின்னேரம் நாலு மணிதான் என்ர பெரிய கண்டம். பக்கத்துக் கடையில வடை பொரிக்கிற வாசம் நேரா என்ர மேசைக்கு வரும். அவிச்ச கடலையில செத்தல் தூள், வெங்காயம், தேசிப்புளி போட்டு மனுசி பெட்டியில கட்டித் தருவா, இல்லையெண்டால் கொய்யாக்காய் வெட்டி உப்பும் தூளும். மாங்காய்க் காலத்தில மாங்காய். முதல் மாசம் கஷ்டப்பட்டன், பொய் சொல்லேல்லை, ரெண்டு தரம் பெட்டியை கடைப் பெடியனிட்டக் குடுத்திட்டு வடை சாப்பிட்டனான். பிறகு நாக்கு அந்த நேரத்துக்கு எதிர்பாக்கிறது எண்ணெயை இல்லை, உறைப்பைத்தான் எண்டு விளங்கிச்சுது. தேத்தண்ணிக்கு சீனி மூண்டு கரண்டியில இருந்து ஒண்டு, அதுக்கும் மிளகாய்க்கும் சம்பந்தமில்லை, ஆனா நான் மெலிஞ்சதில அதுக்கு பெரிய பங்கு இருக்கு, மறைக்கக்கூடாது. ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்கு அது பன்னிரண்டு கரண்டிச் சீனி. பின்னேரம் கடையை மகனிட்ட விட்டிட்டு பண்ணைப் பாலத்தில முக்கால் மணித்தியாலம் நடை, கிழமையில நாலைஞ்சு நாள். கடல்காத்துக்கு நடக்கிறதே தெரியாது.

14 மாசத்தில 88 இல இருந்து 79 அரைக்கு வந்தன். இடுப்பு 95. இன்னும் 90க்கு வரேல்லை. வெறுவயித்துச் சீனி 98. இதில மிளகாயின்ர பங்கு எவ்வளவு எண்டு கேட்டா, கொழுப்பை எரிச்ச கணக்கில ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லுவன், ஆனா மிளகாய் இல்லாமல் அந்த அவிச்ச கடலையையும் கீரையையும் நான் மூண்டு கிழமைக்கு மேல சாப்பிட்டிருக்க மாட்டன். உறைப்பில்லாத டயற் சாப்பாடு எண்டு ஜிம் போற பெடியள் தாற கோழி நெஞ்சும் புரொக்கோலியும் யாழ்ப்பாணத்து வாய்க்கு தண்டனை.

கவனிக்க வேண்டியதையும் சொல்லவேணும். முதலாவது உப்பு. உறைப்புக் கூட்டினா கை தன்ரபாட்டில உப்பையும் கூட்டும், எனக்கு நாலாம் மாசம் பிரஷர் கொஞ்சம் ஏறினது அதாலதான் எண்டு நினைக்கிறன். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி, அதுக்குள்ள நிக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம், மோர்மிளகாயும் ஊறுகாயும் கருவாடும் வைச்சுச் சாப்பிட்டா மத்தியானத்தோடயே அது முடிஞ்சிடும். உப்பைக் குறைச்சு புளியைக் கூட்டினா நாக்கு ஓரளவு ஏமாறும். மோர்மிளகாயை நான் மாசத்தில ரெண்டு நாளாக் குறைச்சிட்டன், அது எனக்கு இன்னும் கவலை.

நெஞ்செரிவு, மூலம், குடல் வருத்தம் உள்ள ஆக்கள் இதை அப்பிடியே பாத்துச் செய்யாதேங்கோ. நான் இப்ப வெறுவயித்தில உறைப்புத் தொடுறேல்லை, இரவு எட்டு மணிக்குப் பிறகும் தொடுறேல்லை, சாப்பிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் படுக்கிறது, அதுக்குப் பிறகு அந்த இரவு மாதிரி ஒண்டு வரேல்லை. வாய் எரிஞ்சா தண்ணி குடிச்சு வேலையில்லை, கப்சைசின் தண்ணியில கரையாது, கொழுப்பில கரையும், பாலோ தயிரோ ஒரு வாய் காணும். சோடா குடிச்சு ஆத்தினா நீங்கள் மிச்சம்பிடிச்சது எல்லாம் அந்தப் போத்தலுக்குள்ளயே போகும். பச்சைமிளகாய் வெட்டின கையில தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சிட்டு சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, நான் ஒருக்கா கண்ணைக் கசக்கிப்போட்டு அரை மணித்தியாலம் கிணத்தடியில நிண்டனான். இப்ப பேஸ்புக்கில மிளகாய்ச் சத்துக் குளிசை எண்டு விக்கினம், ஒரு போத்தல் ஆயிரக்கணக்கில, நான் வாங்கேல்லை, வாங்கினா வயித்துக்குள்ள நேரா எரிக்கும், நாக்குக்கு ஒரு ருசியும் வராது, பிறகென்னத்துக்கு அது. பிரஷர், இதய வருத்தத்துக்கு குளிசை எடுக்கிற ஆக்கள் டொக்டரிட்டக் கேக்காமல் தொடவே கூடாது.

தூளைப் பற்றியும் ஒரு சொல்லு. பைக்கற்றில வாற தூளில என்ன கலந்திருக்கு எண்டு நிறத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. நான் திருநெல்வேலிச் சந்தையில செத்தலா வாங்கி, காம்பு கிள்ளி, பூஞ்சணம் பிடிச்சது கறுத்தது எல்லாம் தெரிஞ்செறிஞ்சு, ரெண்டு நாள் நல்ல வெயிலில காயவிட்டு, மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை வறுத்துச் சேத்து மில்லில குடுத்து திரிக்கிறது. ஈரச் செத்தலில பிடிக்கிற பூஞ்சணம் விடுற நஞ்சு ஈரலுக்குக் கூடாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. சந்தையில வாற செத்தலில கூடுதலானது இந்தியச் செத்தல். அப்பா இருந்தா துள்ளியிருப்பார். 70களில பிரதமர் சிறிமா அம்மையார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தின காலம் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில மிளகாயும் வெங்காயமும் போட்டுத்தான் எங்கட கல்வீடு எழும்பினது. 77 இல இறக்குமதி திறந்துவிட்ட பிறகு அந்த விலை திரும்ப வரேல்லை எண்டு சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்ப கிணத்தடியில பத்து மிளகாய்க் கண்டு, இலைச்சுருள் நோய்க்குத் தப்பினது ஆறு.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் ரொறன்ரோவில இருந்து வந்தான். விமான நிலையத்தில என்னைக் கண்ட உடன கட்டிப்பிடிச்சு, "பாத்தியோ, நான் அனுப்பின வீடியோ வேலை செய்திருக்கு" எண்டு சொன்னான். நான் ஒண்டும் சொல்லேல்லை. அவன் தான் நாலு நாள் குடிச்சிட்டு விட்டிட்டானாம். மூண்டு கிழமை எங்கட வீட்டில நிண்டான், கோயில் கொடி இறங்குமட்டும் மரக்கறி, அதுக்குப் பிறகு அம்மா தன்ர மருமகனுக்கு எண்டு நண்டுக் குழம்பும் கணவாய்க் கறியும் பழைய உறைப்பில காய்ச்சி, சட்டியை மேசையிலயே வைச்சு, அரைச் சுண்டு அரிசி கூடப் போட்டா. வெளிக்கிடுற அண்டு அவன்ர பெட்டியை கடைத் தராசில வைச்சம், 23 கிலோ தான் விடுவினம், 25 கிலோ கிடக்கு, அதில மூண்டு கிலோ அம்மா கட்டிக் குடுத்த தூள். தூளில ஒரு பைக்கற்றை எடுத்து வை எண்டன். கேக்கேல்லை, உள்ள கையை விட்டு மூண்டு ஜீன்ஸை இழுத்து எடுத்து என்னட்டத் தந்தான். "நீயே போடு மச்சான், எனக்கு இது இப்ப பூட்டேலாது."